வற்றிப்போன குவாரிஸ்மியக் கடல்

மத்திய ஆசியாவின் இரு பேராறுகளை அரபுப் புவியியலாளர்கள் ஜைஹூன், ஸைஹூன் என்று அழைத்தனர். ஆமூ தர்யா, சிர் தர்யா என இன்று வழங்குபவை அவையே. அவை சென்று சேர்ந்த உள்நாட்டுக் கடலுக்குக் குவாரிஸ்மியக் கடல் என்று பெயர். இன்றைய வரைபடங்களில் அது ஆரல் கடல். கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரில் நிலைத்திருப்பதும், பேரறிஞர் அல் பீரூனீ 973-ஆம் ஆண்டில் பிறந்ததும் ஜைஹூன் நீர் வளர்த்த அந்தக் குவாரிஸ்ம் நாடுதான்.

1960-ஆம் ஆண்டில் அக்கடலின் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். உலகின் நான்காவது பெரிய ஏரி அது. பருத்தி விளைச்சலைப் பெருக்க விரும்பிய சோவியத் அரசு இரு ஆறுகளையும் கால்வாய்களில் திருப்பியது. கரை பூசப்படாத அக்கால்வாய்களில் ஓடிய நீரில் பெரும்பங்கு மணலிலேயே கசிந்து மறைந்தது. கடல் சுருங்கும் என்பதைத் திட்டம் வகுத்தோர் அறியாதவர்கள் அல்லர். பருத்தி தரும் வருவாயின் முன் கடலின் இழப்பு சிறிதென்று அவர்கள் கணக்கிட்டனர்.

அக்கணக்கில் மனிதர்கள் விடுபட்டுப் போயினர். மொய்னாக் துறைமுகத்தின் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நின்றன. வறண்ட கடலடியிலிருந்து உப்பும் பூச்சிமருந்து நஞ்சும் கலந்த புழுதி எழுந்து ஊர்களின்மேல் படிந்தது. கரகல்பாக் தாய்மாரை இரத்தசோகையும், குழந்தைகளை மூச்சுநோய்களும் வாட்டின. உப்பேறிய வயல்களில் பருத்தியே நலிந்தது! 1987-இல் கடல் இரண்டாகப் பிளந்தது. 2014-இல் தென்கடலின் கிழக்குப் பகுதி முற்றிலும் வற்றியது. திட்டமிட்ட அரசு 1991-இலேயே மறைந்துவிட்டது. அதன் கடனைச் செலுத்துவோர் அத்திட்டம் தீட்டப்பட்டபோது பிறந்திராத பிள்ளைகள்.

எனினும் 2005-இல் கசகஸ்தான், உலக வங்கியின் துணையுடன் 13 கிலோமீட்டர் நீளமுள்ள கோக்-ஆரல் அணையைக் கட்டி முடித்தது. வடகடலில் நீர் உயர்ந்தது, உப்பு குறைந்தது, மீன்கள் திரும்பின. ஆனால் மீண்டது சிறு பகுதியே. தென்கடலை மீட்கும் காலம் கடந்துவிட்டது.

2030-க்குள் எய்த வேண்டிய 17 நிலைபேறான வளர்ச்சி இலக்குகளை 2015-இல் உலக நாடுகள் ஏற்றன. அவற்றின் உட்கூறுகளில் மதிப்பிடத்தக்கவற்றுள் 17 விழுக்காடு மட்டுமே சரியான பாதையில் செல்வதாக 2024-இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. தவறிய இலக்கு ஏட்டில் ஓர் எண்ணாகவே தோன்றும். மண்ணில் அது எவ்வாறு தோன்றும் என்பதை மொய்னாக்கின் மணலில் நாம் காண்கிறோம். தவணை கடந்தபின் திரும்பாதவை உண்டு என்பதே குவாரிஸ்ம் நமக்குக் கற்பிக்கும் புதிய கணிதம்.