வெறும் திரை



போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீட்டில் பழைய அலுவலக நண்பர் ஒருவரைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. "சார், நீங்க நிறைய எழுதறீங்களே, எதுல எழுதறீங்க?" என்று கேட்டார். செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினேன். முழுக்கக் கறுப்புத் திரை. நடுவில் நாலு வரி தமிழ். மெனு இல்லை, பட்டன் இல்லை, மூலையில் மணி காட்டும் கடிகாரம்கூட இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது 89-ல நம்ம ஆபீஸ்ல இருந்த மாதிரியே இருக்கே! இதுக்கா முப்பது வருஷம்?" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

நான் டைப்ரைட்டர் காலத்து ஆள். 1975-ல் இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டன் மெஷினில் தட்டிப் பழகி, லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, அந்தச் சான்றிதழை வைத்துத்தான் சென்னையில் வேலைக்குப் போனேன். டைப்ரைட்டரில் ஒரு வசதி இருந்தது. அது வசதி என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதில் தட்டுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது. எழுத்தின் அளவை மாற்ற முடியாது. சீட்டு விளையாட முடியாது. காகிதம், நாம், வரி முடியும்போது அடிக்கும் மணி. அவ்வளவுதான்.

சொந்தக் கணினியில் ஓடிய முதல் எழுதும் மென்பொருள் 1976-ல் அமெரிக்காவில் வந்தது. பெயர் எலெக்ட்ரிக் பென்சில். செய்தவர் மைக்கேல் ஷ்ரேயர். அவர் தன்னுடைய வேறொரு நிரலுக்குக் கையேடு எழுத வேண்டியிருந்தது. கணினி எதிரில் இருக்கும்போது எதற்குத் தனியாக டைப்ரைட்டர் என்று யோசித்து, எழுதுவதற்கென்றே ஒரு நிரலைச் செய்துவிட்டார்.

அதற்குப் பின் வந்ததுதான் எங்கள் தலைமுறை அறிந்த வேர்ட்ஸ்டார். சீமோர் ரூபின்ஸ்டீன் 1978-ல் தொடங்கிய மைக்ரோப்ரோ நிறுவனத்துக்காக ராப் பார்னபி என்ற நிரலாளர் எழுதியது. அந்தக் காலத்து விசைப்பலகைகள் பலவற்றில் அம்புக்குறி விசைகளே கிடையாது. அதனால் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஈ தட்டினால் மேலே, எக்ஸ் தட்டினால் கீழே, எஸ் இடது, டி வலது என்று வைத்தார்கள். நாலும் விசைப்பலகையில் ஒரு வைரத்தின் நாலு முனைபோல அமைந்திருக்கும். விரல்கள் தம் இடத்தை விட்டு நகரவே வேண்டாம். டைப்பிங் படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் அலுவலகத்துக்கு 1989-ல் இரண்டு கணினிகள் வந்தன. அவற்றுக்கென்று ஒரு ஏசி அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பச்சை எழுத்துத் திரை, அகல ஃப்ளாப்பி, வேர்ட்ஸ்டார். திரையின் மேல்பாதியில் எந்த விசை என்ன செய்யும் என்ற பட்டியல் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். முதல் மாதம் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டினோம். அப்புறம் அது இடைஞ்சலாகிவிட்டது. வேர்ட்ஸ்டாரில் 'ஹெல்ப் லெவல்' என்று ஒன்று உண்டு. 3-ல் வைத்தால் பட்டியல் முழுதும் தெரியும். குறைத்துக்கொண்டே வந்து 0-வில் வைத்தால் பட்டியல்கள் போய்விடும். மேலே ஓரிரு வரிகள் தவிர, திரை முழுக்க நம் எழுத்துதான். மூன்றாம் மாதத்தில் நாங்கள் எல்லோருமே 0-வுக்கு வந்துவிட்டோம். கவனச்சிதறல் இல்லாத திரை என்று இன்று விளம்பரம் செய்கிறார்களே, அதை அன்றைக்கே நாங்கள் அனுபவித்தோம். அதற்கு ஒரு பெயர் வைக்கத்தான் தோன்றவில்லை.

நம் பக்கத்துத் தீவிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் '2010: ஒடிஸி டூ' நாவலை வேர்ட்ஸ்டாரில்தான் எழுதினார். 1982-ல் வெளியான அந்த நாவல் முழுதும் ஒரே ஒரு ஃப்ளாப்பியில் அடங்கி, கொழும்பிலிருந்து நியூயார்க் பதிப்பகத்துக்குப் போயிற்று. விண்வெளியைப் பற்றி எழுதியவருக்கு மேசையில் தேவைப்பட்டதெல்லாம் எழுத்து மட்டும் தெரியும் ஒரு திரை.

வேர்ட்ஸ்டாருக்குப் பின் கொடிகட்டிப் பறந்தது வேர்ட்பெர்ஃபெக்ட். யூட்டா மாநிலத்தில் ஆலன் ஆஷ்டன், புரூஸ் பாஸ்டியன் இருவரும் ஆரம்பித்தது. 1989-ல் வந்த அதன் 5.1 பதிப்பைத் திறந்தால் ஒரு நீலத் திரை, வலது கீழ் மூலையில் பக்கம் எத்தனை, வரி எத்தனை என்ற ஒரே ஒரு வரி. கட்டளைகள் எல்லாம் எஃப்1 முதலான விசைகளில் இருக்கும். அவற்றை நினைவு வைத்துக்கொள்ள விசைப்பலகையின்மேல் பொருத்த ஒரு அட்டை கொடுப்பார்கள். கட்டளையெல்லாம் அட்டையில், எழுத்தெல்லாம் திரையில். எனக்கு இன்றும் பிடித்த ஏற்பாடு அது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத் திரை சுத்தமாக இருந்ததற்கு யாருடைய ஞானமும் காரணமில்லை. இயந்திரத்தின் ஏழ்மைதான் காரணம். ஒரு திரையில் 80 எழுத்து அகலம், 25 வரி உயரம். டாஸ் ஒரு சமயத்தில் ஒரு நிரலைத்தான் ஓட்டும். இன்னொன்று வேண்டுமென்றால் முதலாவதை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். இருக்கிற இருபத்தைந்து வரியில் அலங்காரத்துக்கு இடமேது?

ஏழ்மை போய் வசதி வந்தது. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1970-களிலேயே சார்லஸ் சிமோனியும் பட்லர் லாம்ப்சனும் பிராவோ என்ற மென்பொருளைச் செய்திருந்தார்கள். காகிதத்தில் எப்படி வருமோ அப்படியே திரையில் தெரியும். சிமோனி 1981-ல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 1983-ல் வேர்ட் வந்தது. 1990-களில் விண்டோஸ் பரவியபோது எங்கள் நீலத் திரையும் பச்சைத் திரையும் மறைந்தே போயின. திரையின் தலையில் பட்டன் வரிசை ஒன்று இரண்டாகி மூன்றானது. 1995 பதிப்பில் தட்டத் தட்டவே பிழைக்குக் கீழே சிவப்பு நெளிகோடு வந்தது. 97-ல் கண்ணை உருட்டும் ஒரு காகிதக் கிளிப் வந்து "கடிதமா எழுதுகிறீர்கள்?" என்று விசாரித்தது. உலகமே அதைத் திட்டித் தீர்த்து, பத்து வருஷத்தில் அனுப்பிவைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே இணையம். எழுதும் இயந்திரத்திலேயே தபால்காரர், பேப்பர்க்காரர், அரட்டைக் கச்சேரி எல்லாம் குடிவந்துவிட்டன.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, 22 வயதில் கணவரை இழந்தவர். கும்பகோணத்தில் வாசல் திண்ணையில் இட்லிக் கடை போட்டு, தன் தம்பியான என் அப்பாவைப் படிக்கவைத்தார். நான் இன்று நாலு எழுத்து எழுதுவதற்கே அந்த இட்லிப்பானைதான் மூலதனம். 2014-ல் ஓய்வு பெற்றேன். 2016-ல் அத்தையின் கதையை எழுதுவதாக அவரிடமே வாக்குக் கொடுத்தேன். அப்போது அவருக்கு 88 வயது.

மூன்று வருஷத்தில் எழுதியது மூன்று பக்கம். உட்காருவேன். தலைப்பை நடுவில் வைப்பேன். எழுத்துரு மாற்றுவேன். நான் வைத்திருந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. நான் எழுதும் ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழேயும் சிவப்புக் கோடு இழுத்துவிடும். தப்பே இல்லாத பக்கம், வாத்தியார் திருத்திய தேர்வுத்தாள்போல இரத்தமாகக் கிடக்கும். அதை எப்படி நிறுத்துவது என்று இணையத்தில் தேடப்போவேன். அங்கிருந்து கிரிக்கெட், அங்கிருந்து பழைய பாட்டு. மணி ஒன்றாகிவிடும், சாப்பாடு. கோப்புகளின் பெயரைக் கேளுங்கள்: 'அத்தை', 'அத்தை-புதியது', 'அத்தை-புதியது-கடைசி'. ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தை கேட்பார்: "என்னடா, எழுதிட்டியா? நான் போறதுக்குள்ள படிச்சுக் காட்டுவியா, மாட்டியா?"

2019 கோடை விடுமுறைக்கு வந்த பேரன் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு ஒரு இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். பெயர் ஃபோகஸ்ரைட்டர். "இதுல எழுத மட்டும்தான் தாத்தா முடியும்" என்றான். திறந்ததும் திரையிலிருந்த எல்லாமே மறைந்தன. சுட்டியைத் திரையின் விளிம்புக்குக் கொண்டுபோனால்தான் மெனு எட்டிப் பார்க்கிறது. கறுப்பில் பச்சை எழுத்து வைத்தேன். ஏசி அறை வாசனையே வந்துவிட்டது. ஹெல்ப் லெவல் 0!

இது எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 2003-ல் ஜெர்மனியில் பிறந்த யுலிஸஸ் என்ற எழுத்தாளர் மென்பொருளில் முழுத்திரை வசதி இருந்திருக்கிறது. 2006-ல் ஜெஸ்ஸி க்ரோஸ்ஜான் மேக் கணினிக்கு ரைட்ரூம் செய்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, வேறொன்றும் கிடையாது. அதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. அதே வருஷம் ஜெஃப்ரி ஃபுல்லர் என்பவர் அதைப் பார்த்து விண்டோஸுக்கு டார்க் ரூம் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். 2008 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் வர்ஜீனியா ஹெஃபர்னன் இந்த வகை மென்பொருள்களைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். 2009-ல் பார்சிலோனாவிலிருந்து ஓம்ரைட்டர். பனி படர்ந்த மரங்கள், பின்னால் மெல்லிய இசை. 2010-ல் ஐபேடுக்கு ஐஏ ரைட்டர். நாம் எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை மட்டும் துலக்கி, மற்றதை மங்கலாக்கிவிடும். 2011-ல் வேர்ட்பிரஸ்கூடத் தன் எழுதும் பெட்டியில் இந்த வசதியைச் சேர்த்தது. கடைசியில் வேர்டிலேயே 'ஃபோகஸ்' என்று ஒரு பட்டன் வந்துவிட்டது. எல்லாப் பட்டனையும் மறைக்க ஒரு பட்டன்! இது போதாதென்று, எழுத மட்டுமே முடிகிற ஃப்ரீரைட் என்ற தனிக்கருவியை நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. என் ரெமிங்டன் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது.

ஏழ்மையால் கிடைத்ததைத் தொலைத்துவிட்டு, பிறகு அதையே முயன்று, சிலர் காசும் கொடுத்து மீட்டிருக்கிறோம். இதுதான் இந்தச் சரித்திரத்தின் சாரம். ஆனால் திரை மட்டுமே எழுதிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இணையத் தொடர்பில்லாத டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0-ல்தான் எழுதுவதாக 2014-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அவருடைய பெரிய தொடரின் ஐந்தாம் புத்தகம் 2011-ல் வந்தது. ஆறாவதற்கு உலகமே காத்திருக்கிறது. என் கதையும் அப்படித்தான். ஃபோகஸ்ரைட்டர் வந்த முதல் மூன்று நாள் நான் செய்தது என்ன தெரியுமா? பச்சை எழுத்தா, மஞ்சள் எழுத்தா என்று மாற்றி மாற்றிப் பார்த்ததுதான். டைப்ரைட்டர் சத்தம் வைக்கலாமா என்று ஒரு முழுக் காலை போயிற்று. கவனம் சிதறாமல் இருக்கச் செய்த மென்பொருளிலேயே சிதறினேன்.

நாலாம் நாள் மாற்ற ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் எதிரில் அத்தை வந்து உட்கார்ந்தார். அதுவரை நான் எழுத்துருவையும் சிவப்புக் கோட்டையும் சாக்காக வைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. உண்மையில் எனக்குப் பயம். அவர் கணவர் இறந்த அந்த ராத்திரியை எப்படி எழுதுவது? அந்தக் கறுப்புத் திரையில் ஓடி ஒளிய ஒரு பட்டன்கூட இல்லை. எழுதினேன்.

நாலு மாதம், தினமும் காலை இரண்டு மணி நேரம், செல்போன் சமையலறையில் மனைவியின் பொறுப்பில். 62 பக்கம்.

2019 நவம்பரில் கும்பகோணம் போய் மூன்று மத்தியானங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கண் தெரியாது; காது நன்றாகக் கேட்கும். கணவர் இறந்த பகுதியில் ஒன்றும் சொல்லவில்லை. இட்லிக் கடை பகுதி வந்ததும் கையை உயர்த்தினார். "ஒரு இட்லி அரையணான்னா எழுதியிருக்கே? காலணாடா. அரையணா வித்திருந்தா மாடிவீடே கட்டியிருப்பேனே!"

அன்று ராத்திரியே மடிக்கணினியைத் திறந்து திருத்தினேன். அத்தை 2021-ல் காலமானார். அந்த 62 பக்கங்களையும் அச்சடித்து, பைண்டு செய்து, எங்கள் குடும்பத்தில் பதினாலு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாப் பிரதியிலும் காலணாதான்.

யாருக்காவது எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு எழுத்துரு மாற்றிக்கொண்டிருக்கிறீர்களா? நாளைக் காலையே உட்காருங்கள். கறுப்புத் திரையோ, கோடு போட்ட நோட்டோ, எது கைக்குக் கிடைக்கிறதோ அது போதும்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.