வற்றும் கிணறு, முடியாத குத்தகை: அமெரிக்க நில உரிமையாளர்களின் எரிவாயுச் சிக்கல் – ஒரு விளக்கம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஓஹியோ, மேற்கு வர்ஜீனியா மாகாணங்களில் பல பத்தாண்டுகளுக்கு முன் தோண்டப்பட்ட எரிவாயுக் கிணறுகள் பலவற்றில் இன்று மிகச் சொற்ப அளவே எரிவாயு கிடைக்கிறது. நில உரிமையாளருக்கு அவற்றிலிருந்து வரும் வருவாயும் சொற்பமே. ஆனால், கிணறு ஓடும் வரை நிலத்தின் மீதான குத்தகை முடிவதில்லை. கிணறு நின்றுவிட்டாலோ, அதை மூடும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழுகிறது. இந்த இரு சிக்கல்களுக்கும் நடுவே நில உரிமையாளருக்கு உள்ள உரிமைகள் எவை, அவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் எவை?

நிலம் ஒருவருக்கு, கனிமம் மற்றொருவருக்கு

இந்தியாவில் எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கான குத்தகையை 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்தின் கீழ் அரசே வழங்குகிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு நிலத்தடிக் கனிமமும் தனியார் சொத்தாக இருக்க முடியும். அதை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம், வாரிசுகளுக்கு எழுதி வைக்கலாம், குத்தகைக்கும் விடலாம்.

இதனால், ஒரு பண்ணையின் மேற்பரப்பு ஒரு குடும்பத்திடமும் அதன் அடியில் உள்ள எரிவாயு வேறொரு குடும்பத்திடமும் இருப்பது அங்கு வழக்கமான ஒன்று. கனிம உரிமை இல்லாத மேற்பரப்பு உரிமையாளருக்கு ராயல்டி எதுவும் கிடைக்காது. அதே நேரத்தில், கனிமத்தை எடுக்கத் தேவையான அளவுக்கு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பதால், தன் வயலில் உள்ள கிணற்றுக்கு ஊழியர்கள் வந்து செல்வதை அவரால் பொதுவாகத் தடுக்கவும் முடியாது.

குத்தகை ஏன் முடிவதில்லை?

எரிவாயுக் குத்தகைக்கு இரண்டு கட்டங்கள் உள்ளன. முதல் கட்டம் பெரும்பாலும் 5 அல்லது 10 ஆண்டுகள். அதற்குள் கிணறு தோண்டப்பட்டு எரிவாயு கிடைத்துவிட்டால், ‘லாபம் தரும் அளவில் உற்பத்தி நீடிக்கும் வரை’ குத்தகையும் நீடிக்கும் என்பது இரண்டாம் கட்டம். இந்த ஒரு வரியின் பலத்தால், நூறாண்டுகளுக்கு முன் கையெழுத்தான குத்தகைகள் கூட இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

‘லாபம் தரும் அளவு’ என்றால் எவ்வளவு? டி.டபிள்யூ. பிலிப்ஸ் நிறுவனம் தொடர்புடைய வழக்கில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2012-இல் அளித்த தீர்ப்பு இதற்கு விடை கூறுகிறது. 1928-இல் எழுதப்பட்ட குத்தகை அது. 1959-ஆம் ஆண்டில் கிணறுகள் சுமார் 40 டாலர் நஷ்டத்தில் ஓடியதால், அப்போதே குத்தகை முடிந்துவிட்டது என்று நில உரிமையாளர் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நடைமுறைச் செலவு போக எவ்வளவு சிறிய லாபம் தொடர்ந்து கிடைத்தாலும் குத்தகை செல்லும். இடையில் நஷ்டம் ஏற்பட்டிருந்தால், கிணற்றைத் தொடர்ந்து இயக்குவது என நிறுவனம் எடுத்த முடிவு நல்லெண்ணத்தின் அடிப்படையில் அமைந்ததா என்பதையே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

பழைய குத்தகைகள் பலவற்றில் ஆழத்துக்கு வரம்பு குறிப்பிடப்படவில்லை. சிக்கலின் மையம் இதுவே. 2008 வாக்கில் மார்செல்லஸ் ஷேல் பாறை எரிவாயுவுக்குப் போட்டி மூண்டபோது, புதிதாகக் குத்தகைக்கு விட்டவர்கள் ஏக்கருக்கு ஆயிரக்கணக்கான டாலர் முன்பணம் பெற்றனர். ஆனால், ஆழம் குறைந்த பழைய கிணறு ஒன்று ஓடிக்கொண்டிருந்த நிலங்களில், அதற்கு வெகு ஆழத்தில் உள்ள ஷேல் அடுக்கும் பழைய குத்தகைக்குள்ளேயே அடங்கியது. அவற்றின் உரிமையாளர்கள் புதிய பேரம் பேச இயலாமல், எட்டில் ஒரு பங்கு ராயல்டி என்ற பழைய விகிதத்துக்கே கட்டுப்பட நேர்ந்தது.

சொற்ப வருவாய், பெரும் செலவு

நாளொன்றுக்கு 90 ஆயிரம் கன அடி அல்லது அதற்குக் குறைவாக எரிவாயு தருபவை குறை உற்பத்திக் கிணறுகள் எனப்படுகின்றன. அப்பலாச்சிய மலைப் பகுதியில் இதைவிடப் பல மடங்கு குறைவாகத் தருபவை ஏராளம்.

எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 5 ஆயிரம் கன அடி தரும் கிணற்றை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் கன அடிக்கு 3 டாலர் விலை என வைத்தால், ஆண்டு விற்பனை 5,475 டாலர். அதில் எட்டில் ஒரு பங்கு சுமார் 684 டாலர். அதாவது மாதம் 57 டாலர். எரிவாயுவைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் செலவில் நில உரிமையாளரின் பங்கையும் கழித்துக்கொள்ளலாம் என்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்துள்ளதால், கைக்கு வருவது இன்னும் குறையக்கூடும்.

மறுபுறம், ஒரு கிணற்றைச் சிமென்ட் இட்டு மூடுவதற்கான இடைநிலைச் செலவு 20 ஆயிரம் டாலர் என்றும், நிலத்தையும் சீரமைத்தால் அது 76 ஆயிரம் டாலர் என்றும் 2021-இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. மேற்கண்ட கிணற்றின் ஏறத்தாழ 14 ஆண்டு மொத்த விற்பனைக்கு இது சமம். கிணற்றை மூடுவதைவிடச் சிறிதளவு ஓடவிடுவதே நிறுவனங்களுக்கு ஆதாயம் என்பதற்கு இக்கணக்கே காரணம்.

மூட வேண்டிய பொறுப்பு சட்டப்படி கிணற்றை இயக்கும் நிறுவனத்துக்கு உரியது. நிறுவனம் திவாலானால் பயன்படும் பிணைத்தொகையோ செலவுக்குப் போதுமானதாக இல்லை. பென்சில்வேனியாவில் 1985 ஏப்ரல் 18-க்கு முன் தோண்டப்பட்ட கிணறுகளுக்குப் பிணைத்தொகையே தேவையில்லை. இவ்வாறு கைவிடப்பட்டு, பொறுப்பேற்க யாருமின்றி நிற்பவை ‘கேட்பாரற்ற கிணறுகள்’ என அழைக்கப்படுகின்றன. அமெரிக்கா முழுவதும் அரசுப் பதிவேடுகளில் இடம்பெற்றவை மட்டுமே ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

இவற்றில் கசியும் மீத்தேன், குடிநீர்க் கிணறுகளிலும் வீடுகளின் அடித்தளத்திலும் புகும் அபாயம் உண்டு. அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயுக் கிணற்றுத் தளங்களில் சுமார் 80 சதவீதம் குறை உற்பத்தி கொண்டவை என்றும், நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதத்தை மட்டுமே தரும் அவை, கிணற்றுத் தளங்களிலிருந்து வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் என்றும் 2022-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு கூறியது.

இலவச எரிவாயுவும் கிணறு கைமாறுவதும்

பழைய குத்தகைகளில் காணப்படும் முக்கியச் சலுகை இலவச எரிவாயு. ஆண்டுக்குக் குறிப்பிட்ட அளவு எரிவாயுவை வீட்டுத் தேவைக்கு நில உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம். குழாயும் அழுத்தச் சீராக்கியும் அவர் பொறுப்பு. கடுங்குளிர் நிலவும் அப்பகுதியில், ராயல்டியைவிட இச்சலுகையையே பெரிதாகக் கருதும் குடும்பங்கள் உண்டு. குத்தகை ரத்தானால் இச்சலுகையும் போய்விடும் என்பதால், வழக்குத் தொடுப்பதற்கு முன் இதையும் எடைபோட வேண்டியுள்ளது.

லாபம் இல்லாத கிணற்றை நில உரிமையாளருக்கே மாற்றித் தர சில நிறுவனங்கள் முன்வருவதுண்டு. வீட்டுக்கு எரிவாயு கிடைக்கும் என்பதால் இது இலாபகரமானதாகத் தோன்றும். ஆனால், உரிமம் பெயர் மாறியதும் கிணற்றை இயக்குபவர் என்ற பொறுப்பும் அவரிடம் வந்து சேர்கிறது. பின்னாளில் மூடும் செலவும் அவருடையதே. ராயல்டி மட்டும் பெற்றுவந்த நில உரிமையாளர் மீது இத்தகைய பொறுப்பு பொதுவாக விழுவதில்லை. பழைய கேட்பாரற்ற கிணறு எது என்பதை வரையறுக்கும் பென்சில்வேனியச் சட்டமும், நில உரிமையாளராகவோ ராயல்டி பெறுபவராகவோ அடைந்த பயனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நில உரிமையாளர் செய்யக்கூடியவை

முதல் பணி ஆவணத் தேடல். தமிழகத்தில் மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்ப்பது போலவே, அங்கு கவுன்டி பதிவு அலுவலகத்தில் கிரயப் பத்திரங்கள், குத்தகை, அது கைமாறிய விவரங்கள் ஆகியவற்றைத் தேட வேண்டும். கனிம உரிமை யாரிடம் உள்ளது, இன்றைய குத்தகைதாரர் யார் என்பவை இதில் தெளிவாகும்.

அடுத்தது உற்பத்திக் கணக்கு. பென்சில்வேனியாவில் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் உற்பத்தி அறிக்கைகளை மாகாணச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை இணையத்தில் வெளியிடுகிறது. பல ஆண்டுகளாக உற்பத்தி பூஜ்யம் எனப் பதிவாகியிருந்தால், குத்தகை முடிந்துவிட்டது என வாதிட அது வலுவான சான்றாகும். ராயல்டி ரசீதுகளையும் அதனுடன் ஒப்பிட வேண்டும்.

ஓஹியோவில் இதற்குத் தனி நடைமுறை உள்ளது. கைவிடப்பட்ட குத்தகை குறித்து நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பி, உரிய பதில் வராவிடில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து குத்தகையைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். மேலும், 20 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கனிம உரிமை, முறையான அறிவிப்புக்குப் பிறகும் எவரும் கோராவிட்டால், மேற்பரப்பு உரிமையாளரைச் சேரவும் அம்மாகாணச் சட்டம் வழி செய்கிறது.

வழக்குக்குச் செல்லாமல் பேசித் தீர்ப்பவர்களும் உண்டு. பழைய கிணற்றை நிறுவனமே வைத்துக்கொண்டு ஆழமான அடுக்குகளை விட்டுக்கொடுப்பது, மூடும் காலக்கெடுவை எழுத்தில் தருவது ஆகியவை அத்தகைய பேச்சுகளில் இடம்பெறுகின்றன. புதிய குத்தகை எழுதுவோர், ஆழ வரம்பையும் குறைந்தபட்ச ஆண்டுத் தொகையையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள முடியும்.

அரசு நிதி

கேட்பாரற்ற கிணறுகளை மூட, 2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டத்தின் மூலம் 470 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. குறை உற்பத்திக் கிணறுகளை உரிமையாளர்கள் தாமாக முன்வந்து மூடுவதற்கு உதவ, 2023 டிசம்பரில் 14 மாகாணங்களுக்கு 35 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. எனினும், பதிவேட்டில் இல்லாத கிணறு இத்தகைய திட்டங்களின் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற வழியில்லை. எனவே, தன் நிலத்தில் பழைய கிணறு இருப்பதை அறிந்த உரிமையாளர், அதன் இருப்பிடத்தை மாகாண அதிகாரிகளிடம் எழுத்துபூர்வமாகத் தெரிவித்து, பதிவு எண் பெறுவது அவசியமாகிறது.