பழைய தாள்காசும் அதன் பெறுமதியும்: கண்டாவளையை முன்னிட்ட சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழர் வரலாற்றை ஆராய்ந்தோர் கல்வெட்டுக்கும் உலோக நாணயத்துக்கும் அளித்த கவனத்தைத் தாள்காசுக்கு அளித்திலர். ‘சேது’ எனும் மொழி பொறித்த நாணயம் ஒன்று கிடைப்பின் கட்டுரைகள் எழுகின்றன. பழைய ஐந்து ரூபாத் தாள் கிடைப்பின், என்ன விலை போகும் என்ற வினாவுடன் பேச்சு முடிந்துவிடுகின்றது. அவ்வினாவை முறையாக ஆராயின் அதுவே வரலாற்றுக்கு வழிகாட்டும் என்பது நமது கருத்தாகும்.

கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளை நெல்விளையும் பூமி. உழவர் கையிற் பணம் சேர்வது அறுவடையை அடுத்தே. சேர்ந்த பணம் பெட்டகத்துள் இருப்பதும் வழக்கமே. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வன்னிக் குடும்பங்கள் பெட்டகங்களையும் காணி உறுதிகளையும் இழந்தன. ஆதலின் இப்பகுதியில் எஞ்சியுள்ள எந்தப் பழந்தாளும் பொருட்படுத்தத்தக்கதே.

தாளின் அருமை அதன் முதுமையால் மட்டும் விளைவதன்று. எவ்வளவு திரும்பிச் சென்றது என்பதே முதன்மையானது. கோப்பிப் பயிரின் வீழ்ச்சியோடு தளர்ந்த ஒரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 மே மாதத்தில் முறிந்தது. மக்கள் கையில் அதன் தாள்கள் இருந்தன. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை வழங்கினார். மக்கள் தப்பினர், தாள்களோ மாற்றப்பட்டு மறைந்தன. இன்று அவ்வங்கித் தாள் அரிதாயிருப்பதற்கு அன்று கிடைத்த பாதுகாப்பே ஒரு காரணம் எனலாம். அதே ஆண்டின் தாள்நாணயக் கட்டளைச்சட்டத்தின்படி 1885 முதல் அரசாங்கமே தாள்காசு வெளியிடலாயிற்று.

1970 ஒக்டோபரில் நிகழ்ந்தது இதன் மறுபுறம். நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா, கணக்கில் வராத பணத்தை வெளிக்கொணரும் நோக்குடன், அப்போது வழங்கிய 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதனவாக்கினார். ஒப்படைக்கத் தரப்பட்டவை சில நாள்களே. ஒளித்தவரை நோக்கிய ஏற்பாடு, மறந்தவரையும் வங்கிக்குத் தொலைவில் வாழ்ந்தவரையும் தாக்கவல்லது. ஆகவே பெட்டகத்தில் அகப்படும் அக்காலத்து நூறு ரூபாத் தாள் ஒரு குடும்பத்தின் இழப்புக்குச் சான்றாகவும் இருக்கக்கூடும். விலைப்பட்டியல் இதனைச் சொல்லாது.

தாளை இனங்காண்பதற்கு முதலிற் பார்க்கவேண்டியது வெளியிட்ட அதிகாரத்தின் பெயர். அரசாங்கத் தாள்களில் நாணய ஆணையாளரின் கையொப்பங்கள் உள்ளன. மத்திய வங்கி 1950 ஓகஸ்ட் 28இல் தொடங்கப்பெற்றபின், நிதியமைச்சரும் வங்கி ஆளுநரும் ஒப்பமிட்டனர். 1951ஆம் ஆண்டுக்குரிய, ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் உருவந் தாங்கிய 1, 10 ரூபாத் தாள்களில் ஜே. ஆர். ஜயவர்த்தன, ஜோன் எக்ஸ்ரர் என்போரின் ஒப்பங்களைக் காணலாம். மன்னர் 1952இல் இறந்ததால் அவ்வரிசை நீடிக்கவில்லை. தாளின் திகதியும் ஒப்பமிட்டோரின் பதவிக்காலமும் ஒத்துவராவிடின் ஐயுறுதல் தகும்.

1942இல், போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டினால், சதத்தாள்களும் வெளிவந்தன. அவற்றுள் ஐந்து சதத்தாள் விந்தையானது: இரண்டு சதம், மூன்று சதம் என இரு கூறாகப் பிரித்து வழங்கத்தக்கதாய் அது அமைந்தது. எனவே அதன் ஒரு கூறு மட்டும் அகப்படின், கிழிந்த குப்பையென எறிந்துவிடலாகாது. பிரியாத முழுத்தாளுக்கே சேகரிப்போரிடம் மதிப்பு மிகுதி என்பது வேறு.

ஒரே வகையான இரு தாள்களுள் மடிப்பில்லாதது பன்மடங்கு விலை பெறும். இதனைக் கேள்வியுற்றோர் சிலர் தாளைக் கழுவியும், அழுத்திப்பெட்டியால் தேய்த்தும், ஒட்டுநாடா ஒட்டியும் கெடுக்கின்றனர். தேய்த்த தாளில் அச்சின் மேடு தட்டையாகிவிடும். பழகிய கண் அதனை எளிதில் அறியும். வன்னியின் ஈரமும் கறையானும் செய்வதைவிட இது கொடிது. ஒட்டாமல், ஒருபுறமும் எழுதாமல், உலர்ந்த தாளுறையில் இடுவதே போதும். வாங்குவோர் முதலிற் சொல்லும் விலையை ஏற்காது, வகையும் திகதியும் ஒத்த பிற தாள்கள் விலைபோன அளவை விசாரித்தல் வேண்டும்.

விற்பதை நாம் தடுக்கவில்லை. வறுமைக்கு முன் வரலாறு பேசுதல் பொருந்தாது. விற்குமுன் தாளின் இருபுறத்தையும் படமெடுத்து, தொடரிலக்கத்தையும், எவர் வீட்டில், எப்பொருளோடு, எவ்வாறு இருந்தது என்பதையும் தனித்தாளில் எழுதி, ஊர்ப் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ ஒரு பிரதி வைக்குமாறு மட்டும் வேண்டுகின்றோம்.