படகின் பின்பலகையில் ஒரு நூற்றாண்டு

படகின் பின்பலகையில் திருகுக் கவ்விகளால் மாட்டப்பட்டு, வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்து செல்லத்தக்கதாக அமைந்த இயந்திரம் தமிழகக் கடற்கரையில் அவுட்போர்டு இன்ஜின் என்றும், இலங்கைத் தமிழில் வெளியிணைப்பு இயந்திரம் என்றும் வழங்குகிறது. மேலே எரிபொருள் எரியும் தலைப்பகுதி, நடுவே செங்குத்தாக இறங்கும் தண்டு, நீருக்கடியில் பல்சக்கரப் பெட்டியும் புரொப்பெல்லரும் என்ற அதன் மூன்றடுக்கு அமைப்பு நூறாண்டுக்கு மேலாகப் பெரிதும் மாறவில்லை. பல ஆண்டுகள் கொட்டகையில் முடங்கிக் கிடந்த பழைய மோட்டாரை, இயந்திரப் பயிற்சி பெறாத ஒருவர் சில நாள் உழைப்பில் மீண்டும் ஓடவைக்க முடிவது தற்செயலன்று; பணிமனை எட்டாத நீர்க்கரைகளில் இருந்தவர்களுக்கென்று உருவான பொருள் என்பதால், உரிமையாளரே பழுதுபார்ப்பவராகவும் இருப்பார் என்ற எதிர்பார்ப்பு அதன் உறுப்புகளில் பதிந்திருக்கிறது.

கழற்றி மாட்டும் படகு மோட்டார் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1881-இல் பாரிசில் குஸ்தாவ் துரூவே மின்மோட்டார் ஒன்றைச் சேன் ஆற்றுப் படகில் பொருத்தி ஓட்டிக்காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கேமரன் வாட்டர்மேன் பெட்ரோல் மோட்டார்களை விற்கத் தொடங்கினார். ஆயினும் அதைப் பலர் வாங்கும் பொருளாக்கியவர், நார்வேயில் பிறந்து சிறுவயதிலேயே விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறிய ஓலே எவின்ரூட் ஆவார். 1909-இல் மில்வாக்கியில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் 1.5 குதிரைத்திறனும் ஏறத்தாழ 28 கிலோ எடையும் கொண்டிருந்தது. அவர் மனைவி பெஸ் வணிகத்தையும் விளம்பரத்தையும் கவனித்துக்கொண்டார். ஏரிக்கரைக் குடில்களில் தங்குவோரும் தூண்டில் போடுவோரும் வாங்கிய இம்மோட்டார்களுக்கு 'டூ ஸ்ட்ரோக்' முறை, அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் ஒரு சுற்று வேலை முடிந்துவிடும் முறை, பொருத்தமாக அமைந்தது. மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே செல்வதால் தனி எண்ணெய்த் தொட்டி வேண்டியதில்லை, நான்கு வீச்சு ('ஃபோர் ஸ்ட்ரோக்') எஞ்சினுக்குரிய வால்வுகளும் அவற்றை இயக்கும் அமைப்பும் இல்லை, எனவே கெடக்கூடிய உறுப்புகளும் சிலவே.

1920-களில் இரும்புக்குப் பதில் அலுமினியம் வந்தபின் எடை வெகுவாகக் குறைந்தது. பழுதுபார்ப்பே ஒரு பெரிய நிறுவனத்தின் பிறப்புக்குக் காரணமான நிகழ்வும் இவ்வரலாற்றில் உண்டு: 1939-இல் விஸ்கான்சினின் சீடர்பர்க் ஊரில் கார்ல் கீக்ஹாஃபர் வாங்கிய தொழிற்சாலையில், குறையுள்ளவை என்று வாடிக்கை நிறுவனம் திருப்பிவிட்ட சுமார் 300 மோட்டார்கள் கிடந்தன, அவர் அவற்றைச் சீர்செய்து அதே நிறுவனம் ஏற்கும்படி செய்தார், புதிய கொள்முதலும் தொடர்ந்தது. பின்னாளில் மெர்க்குரி என்று உலகெங்கும் அறியப்பட்ட மோட்டாரின் தொடக்கம் அதுவே.

பழைய மோட்டாரைத் தொடும் புதியவர் முதலில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி, மேலிருக்கும் கனச்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கிறார். இறுகியிருந்தால் பிளக் துளையில் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுத்திருக்கிறார். அடுத்து அவர் தேடுவது தீப்பொறி. தொடக்ககால மோட்டார்கள் சுமக்க வேண்டியிருந்த பேட்டரியை ஒழித்தது மேக்னெட்டோ என்னும் கருவி: கனச்சக்கரத்தின் உட்புறத்தில் பதித்த காந்தங்கள் கம்பிச்சுருளைக் கடந்து சுழலும்போது அச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது, 'பாயிண்ட்' எனப்படும் சிறு உலோக முனைகள் இரண்டும் சரியான கணத்தில் விலகி மின்னோட்டத்தை அறுக்கும்போது எழும் உயரழுத்தம் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடாத மோட்டாரில் இம்முனைகளின்மேல் கண்ணுக்குப் புலப்படாத ஆக்சைடுப் படலம் படிந்துவிடுவதால், கனச்சக்கரத்தைக் கழற்றி முனைகளை மென்மையாகத் தேய்த்துச் சுத்தம்செய்து, இடைவெளியைப் பல மாதிரிகளுக்கு உரிய ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டருக்குத் திருத்தினாலே நீலப்பொறி திரும்பிவிடுவதுண்டு. 1950-களின் மோட்டார்கள் பலவற்றில் கம்பிச்சுருளின் மேலுறை வெடித்து மின்சாரம் கசிந்துவிடும். அப்போது சுருளை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

பொறிக்கு அடுத்தது எரிபொருள். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, அரக்குப் போன்ற பிசினை விட்டுச்செல்வதால் ஊசித்துளைகள் அடைபடுகின்றன. கழற்றிக் கழுவுவதைவிட முக்கியமானது கலவை விகிதம். வெண்கலப் புதைதாங்கிகளோடு வந்த 1950-களின் அமெரிக்க மோட்டார்கள் பல 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கேட்டன. ஊசி உருளைத் தாங்கிகள் பரவிய 1960-களின் நடுவில்தான் 50-க்கு 1 என்ற விகிதம் வழக்கமாயிற்று. பிற்கால விகிதத்தை முற்கால மோட்டாரில் ஊற்றுபவர், அரும்பாடுபட்டு எழுப்பியதை ஒரே நாளில் தேய்த்தழித்துவிடக்கூடும். ஆகவே மோட்டாரின் வயதை அறிவதே பழுதுபார்ப்பின் ஒரு பகுதியாகிறது. இம்பெல்லர் என்னும் ரப்பர் இறக்கைச் சக்கரம் கீழிருந்து நீரை இறைத்துத் தலைப்பகுதியைக் குளிர்விப்பதால், நீரில் ஆழ்த்தாமல் ஓட்டிப்பார்க்கும் ஆவலையும் அடக்கவேண்டும். உலர்ந்த நிலையில் அந்த ரப்பர் விரைவில் கருகும்.

ஜப்பானில் டோஹாட்சு 1956-இலும் யமஹா 1960-இலும் தம் முதல் மோட்டார்களை வெளியிட்டபின், ஏரி உல்லாசத்துக்குப் பிறந்த கருவி ஆசியக் கடற்கரைகளின் பிழைப்புக் கருவியாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வள்ளங்களிலும் ஒட்டுப்பலகைப் படகுகளிலும் அது விரைவாக ஏறியது. பெட்ரோல் விலை கட்டுப்படியாகாததால் மண்ணெண்ணெயில் ஓடும் மாதிரிகளே இங்கு நிலைத்தன. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அடுத்தமுறை எளிதில் கிளம்புவதற்காக நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கே திரும்பும் வழக்கம் உருவாயிற்று. மண்ணெண்ணெய்ப் புகையில் கரிபிடிக்கும் பிளக்கைக் கழற்றித் துடைப்பது கடல்தொழிலின் அன்றாட வேலைகளுள் ஒன்றாகியது.

இம்மோட்டார்களின் எளிமைக்கு விலையும் இருந்தது. கார்புரேட்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் மோட்டார் எரிபொருளில் கால்பங்கு வரை எரிக்காமலே வெளித்தள்ளக்கூடியது என்பதால், 1996-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த உமிழ்வு விதிகள் அதைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து ஒதுக்கின. நான்கு வீச்சு எஞ்சின்களும் கணினிவழி எரிபொருள் செலுத்தலும் அவ்விடத்தை நிரப்பின. எவின்ரூட் பெயர்கொண்ட மோட்டார்களின் உற்பத்தி 2020-இல் நின்றது. நீரும் காற்றும் இம்மாற்றத்தால் பயனடைந்தன என்பதில் ஐயமில்லை. பழுதைக் கண்டறியும் வேலைதான் உரிமையாளர் கையிலிருந்து பணிமனைக் கணினிக்கு இடம்பெயர்ந்தது. பழைய மோட்டார்களில் புரொப்பெல்லர் பாறையில் மோதினால், பல்சக்கரம் உடையாதபடி தான் அறுந்துவிடும் மென்உலோக முளை ஒன்று இருந்தது. பல மாதிரிகளில் அதற்கு மாற்றுமுளை ஒன்றையும் செய்தவர்களே மேல்மூடிக்குள் செருகி அனுப்பினர். கரையிலிருந்து தொலைவில், படகில் இருப்பவர் தாமே அதை மாற்றிக்கொள்வார் என்று அவர்கள் எண்ணியிருந்தனர்.