கனவும் நனவும்: திப்பு சுல்தானின் கனவேடு தரும் படிப்பினை



உறக்கத்தில் காணும் கனவுக்கும் விழிப்பில் நிகழ்வதற்கும் தொடர்பு உண்டா? கனவெல்லாம் பொய்யென்று தள்ளுவோர் ஒருபுறம். கண்ட கனவுக்கெல்லாம் பலன் கேட்டு அலைவோர் மறுபுறம். இஸ்லாம் நடுவழியைக் காட்டுகிறது. அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் உண்டாக்கும் கலக்கம், மனிதனின் உள்ளம் தன்னோடு தானே பேசிக்கொள்வது எனக் கனவுகளை மூன்று வகையாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிரித்துரைத்தார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் விளக்கம் கூறிய மிஸ்ர் மன்னனின் கனவு முதல் வகையைச் சார்ந்தது. மூன்றாம் வகையை உணர்ந்துகொள்ள நமது நாட்டு வரலாற்றிலேயே ஓர் ஏடு உண்டு.

1799 மே 4 ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் வாளேந்திய நிலையில் ஷஹீதானார். பின்னர் அவரது பள்ளியறையில் கர்னல் கிர்க்பாட்ரிக் ஒரு சிறு கையேட்டைக் கண்டெடுத்தார். தாம் கண்ட 37 கனவுகளைச் சுல்தான் தம் கைப்படப் பாரசீக மொழியில் அதில் எழுதியிருந்தார். அதை எவர் கண்ணிலும் படாமல் அவர் காத்துவந்ததாக முன்ஷி ஹபீபுல்லாஹ் தெரிவித்தார். அவ்வேடு இன்று இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

மராட்டியருடன் நடந்த போரின்போது கண்ட ஒரு கனவில், இளைஞனாகத் தோன்றிய ஒருவர் பெண்ணென வெளிப்படுகிறார். எதிரிகள் வெளித்தோற்றத்திலேயே வீரர்கள், எதிர்த்து நிற்கமாட்டார்கள் என்று சுல்தான் பொருள் கொண்டார். இருநூறு முந்நூறு வீரர்களுடன் தாமே எதிரியின் பாசறைக்குள் புகுந்து வென்றதாக அவரே குறித்திருக்கிறார். இங்கே கனவு பலித்தது என்பதைவிட, கனவு தந்த துணிவோடு அவர் களத்தில் இறங்கினார் என்பதே பொருந்தும்.

மற்றொரு கனவின் கதை வேறு. அதை அறியப் புதுவைக்கு வரவேண்டும். வைத்திக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்கள் அமைந்த புதுவைக் கரையில் அன்று கப்பல்கள் கரையணைய இயலாது. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சலங்குகளே அலைகளைக் கடந்து ஆட்களைக் கொண்டு சேர்க்கும். அந்தப் புதுவையிலிருந்துதான் 1787 ஜூலையில் சுல்தானின் தூதர்கள் மூவர் பிரான்சுக்குக் கப்பலேறினர். 1788 ஆகஸ்ட் 10 அன்று வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னர் அவர்களைச் சிறப்பாக வரவேற்றார். ஆனால் படையுதவி கிட்டவில்லை. அடுத்த ஆண்டே அங்குப் புரட்சி வெடித்தது. 1793 இல் புதுவையும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

எனினும் பிரெஞ்சு உதவி வரும் என்னும் எதிர்பார்ப்பு சுல்தானின் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அது உறக்கத்திலும் புகுந்தது. பிரெஞ்சுப் பெருமகன் ஒருவர் வந்து, பத்தாயிரம் வீரர்களைக் கரையில் இறக்கிவிட்டதாகக் கூறுவதாக அவர் கனவு கண்டார். நனவில் நடந்ததென்ன? 1798 ஜனவரியில் மொரீசியஸ் ஆளுநர் மலார்த்திக், சுல்தானுக்கு உதவத் தொண்டர்கள் தேவையென்று பகிரங்கமாக அறிவித்தார். ஏப்ரலில் மங்களூரில் வந்திறங்கியோர் ஏறத்தாழ நூறு பேரே! அந்த அறிவிப்பையே காரணம் காட்டி வெல்லெஸ்லி போர் தொடுத்தார். பத்தாயிரம் என்றது கனவு. நூறு என்றது கடற்கரை.

சிந்திக்க வேண்டும் சகோதரர்களே! அக்கனவு வரப்போவதைக் காட்டவில்லை. சுல்தானின் நெஞ்சில் இருந்ததைக் காட்டியது. நாட்டைக் காக்கும் கவலையை உறக்கத்திலும் சுமந்த உள்ளம் அது. ஆகவே கனவு பொருளற்றதன்று. ஆனால் அதன் பொருள் பெரும்பாலும் நமக்குள்ளேயே இருக்கிறது.

அப்துல்லாஹ் பின் ஜைத் (ரளி) அவர்கள் கனவில் கேட்ட பாங்கின் வாசகங்கள்கூட, நபி (ஸல்) அவர்கள் உறுதிசெய்த பின்னரே மார்க்கமாயின. அவ்வாறிருக்க, நமது கனவை நம்பி உறவை முறிப்பதும், வணிகத்தைக் கைவிடுவதும், ஒருவரைத் திருடனென ஐயுறுவதும் எங்ஙனம் தகும்? நல்ல கனவு கண்டால் அல்லாஹ்வைப் புகழ்ந்து, நம்மை நேசிப்போரிடம் மட்டும் கூறுவோம். தீய கனவு கண்டால் அவனிடம் பாதுகாப்புத் தேடி, எவரிடமும் கூறாதிருப்போம். விழித்தபின் நமது கடமையை ஆய்ந்து, கலந்து, முயன்று செய்வோம்.

வல்ல அல்லாஹ் நம் கனவுகளை நலமாக்கி, நனவில் நேர்வழி நடக்கும் தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.