மஞ்சள் விளக்கு சொல்வது என்ன?

அமெரிக்காவில் விவசாயி, தச்சர், குழாய் வேலை செய்பவர் போன்றோர் பலர் 'பிக்-அப்' எனப்படும் சிறு லாரியை வைத்திருப்பர். முன்புறம் ஓட்டுநர் அறை. பின்புறம் திறந்த சரக்குத் தட்டு. புதிய வண்டிக்கு விலை அதிகம். ஆகவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய வண்டியை வாங்குவோர் அங்கு ஏராளம். அவ்வாறு ஒருவர் பழைய வண்டி ஒன்றை வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் நாள், ஓட்டுநருக்கு எதிரே உள்ள பலகையில் எஞ்சின் வடிவம் கொண்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்குகிறது. 'எஞ்சினைச் சோதிக்கவும்' என்பது அதன் பொருள். வண்டியோ வழக்கம்போல் ஓடுகிறது. சத்தம் இல்லை, புகை இல்லை, இழுவையும் குறையவில்லை.

அவர் சிறு கருவி ஒன்றை வண்டியில் செருகிப் பார்க்கிறார். 'பி 0171' என்ற குறியீடு தோன்றுகிறது. யாரோ சொல்லக் கேட்டு ஆக்சிஜன் உணர்கருவியை வாங்கி மாற்றுகிறார். மூன்று நாட்களில் விளக்கு மீண்டும் எரிகிறது. பணம் போயிற்று, பழுது போகவில்லை.

இந்தத் தவறு உலகெங்கும் அன்றாடம் நடப்பதுதான். அந்த விளக்கு கெட்டுப்போன பாகத்தின் பெயரைச் சொல்லும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் அது அதற்காகப் பிறந்த விளக்கு அன்று. அது எதற்காகப் பிறந்தது என்பதை அறிய, எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் செல்ல வேண்டும்.

கண் எரிந்த நகரம்

1943 ஜூலை 26. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் பழுப்பு நிறப் புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. எதிரியின் நச்சு வாயுவோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். செயற்கை ரப்பருக்கான பியூட்டடையீன் தயாரித்த ஆலை ஒன்றின்மீது பழி விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள். புகைமூட்டம் நிற்கவில்லை.

உண்மைக் காரணத்தைக் கண்டவர் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியல் பேராசிரியர். ஹாலந்தில் பிறந்து, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவர். அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அதே முறையில் நகரின் காற்றையும் குளிர்வித்து, அதில் உள்ளவற்றைப் பிரித்துப் பார்த்தார். மோட்டார் வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் விளக்கினார். ஓசோன் பட்டால் ரப்பர் வெடிக்கும். அந்நகரில் ரப்பர்ப் பொருட்கள் விரைவில் வெடித்ததன் காரணமும் அப்போது விளங்கிற்று. 1967-இல் கலிபோர்னியா அரசு காற்று வள வாரியத்தை அமைத்தபோது, அதன் முதல் தலைவராக இவரே நியமிக்கப்பட்டார்.

14.7 என்னும் எண்

1970-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கிற்று. வண்டிகளின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது கட்டளை. 1975-ஆம் ஆண்டு மாடல்களில் பெரும்பாலானவற்றில் புகைக்குழாயின் நடுவே வினையூக்கிப் பெட்டி ஒன்று இடம் பெற்றது. அதிலுள்ள பிளாட்டினமும் பல்லேடியமும் நச்சு வாயுக்கள் ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற உதவின. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் இந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது.

ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒழிப்பதில் ஒரு சிக்கல். மற்ற இரு நஞ்சுகளுக்கும் ஆக்சிஜனைக் கொடுக்க வேண்டும். இதனிடமிருந்தோ ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டும் நடக்குமா? நடக்கும். ஆனால் எஞ்சினுக்குள் செல்லும் காற்றும் பெட்ரோலும் எடையளவில் ஏறத்தாழ 14.7-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். காற்று சற்று மிகுந்தால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிவிடும். பெட்ரோல் சற்று மிகுந்தால் மற்ற இரண்டும் தப்பிவிடும்.

திருகைத் திருப்பிச் சரிசெய்யும் பழைய கார்பரேட்டரால் இவ்வளவு நுட்பமாக அளக்க இயலாது. ஆகவே 1976-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் உணர்கருவி, சுவீடனின் வால்வோ கார்களில் பொருத்தப்பட்டு வந்தது. இதன் தத்துவம் கல்லூரி மாணவர் அறிந்த மின்கலத் தத்துவமே. சிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருளின் ஒரு பக்கம் வெளிக்காற்று. மறுபக்கம் எஞ்சினின் புகை. சூடேறியதும் சிர்கோனியா ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தும். இருபுறமும் ஆக்சிஜனின் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தால் சுமார் 0.9 வோல்ட், மிகுந்திருந்தால் சுமார் 0.1 வோல்ட். இந்தச் சிறு மின்னழுத்தத்தைப் படித்து, பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கணிப்பொறி தேவைப்பட்டது. வண்டிக்குள் கணிப்பொறி பெருமளவில் புகுந்தது இந்த வழியாகத்தான்.

விளக்கு பிறந்த கதை

இங்கே புதிய தொல்லை ஒன்று முளைத்தது. முன்பெல்லாம் கார்பரேட்டர் கெட்டால் ஓட்டுநருக்கே தெரிந்துவிடும். கரும்புகை வரும், எஞ்சின் திணறும். இப்போதோ, கணிப்பொறி ஒவ்வொரு கோளாற்றையும் தானே ஈடுகட்டிவிடுகிறது. வண்டி ஒழுங்காக ஓடும். காற்றுமட்டும் கெட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே கோளாற்றை மறைக்கும் கணிப்பொறியே அதை அறிவிக்கவும் வேண்டும் என்றாயிற்று.

1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் கார்களில் இத்தகைய கணிப்பொறியையும் விளக்கையும் பரவலாகப் பொருத்திற்று. அதைப் படிக்கும் முறை சுவையானது. ஓட்டுநரின் காலருகே உள்ள இணைப்பியில் இரண்டு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டு, சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டு என்றால் எண் 12. அதாவது 'சோதனை முறை வேலை செய்கிறது'. 44 என்றால் புகையில் ஆக்சிஜன் மிகுதி. 45 என்றால் குறைவு.

மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பி, தனி எண், தனிக் கருவி. தெருமுனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் எல்லாக் கருவிகளையும் வாங்க இயலுமா? வண்டிக்குச் சொந்தக்காரரோ நிறுவனத்தின் முகவரிடமே செல்ல வேண்டியிருந்தது.

ஒரு பொது மொழி

கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் 1985-இல் ஒரு விதி செய்தது: 1988-ஆம் ஆண்டு மாடல் முதல் வண்டிகள் தங்களைத் தாங்களே சோதித்து, குறை கண்டால் விளக்கால் அறிவிக்க வேண்டும். 1989-இல் இன்னும் விரிவான இரண்டாம் விதி வந்தது. 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தை மீண்டும் திருத்தியபோது இதை நாடு முழுமைக்கும் உரியதாக்கிற்று. பழுது பார்க்கத் தேவையான செய்திகளை முகவர்களுக்கு மட்டுமன்றி, தொழில் செய்யும் எல்லோருக்கும் தர வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இடம் பெற்றது. அதன் பயனாக, 1996-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களிலும் பிக்-அப் போன்ற இலகு லாரிகளிலும் ஒரே வடிவான 16 முனை இணைப்பியும், மோட்டார் பொறியாளர் சங்கம் வகுத்த ஒரே வகைக் குறியீடுகளும் வந்தன. இன்று எவரும் குறைந்த விலைக் கருவியைச் செருகிக் குறியீட்டைப் படிக்க முடிகிறது என்றால், அது இந்தச் சட்டம் தந்த உரிமையாகும்.

இவ்விதியில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 'எஞ்சின் கெட்டால் விளக்கு எரிய வேண்டும்' என்று அது கூறவில்லை. பொதுவாக, அனுமதித்த அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் புகையின் நஞ்சு உயரக்கூடிய கோளாறு நேர்ந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் விளக்கு எரிவது இதனால்தான். ஆவி கசிந்தாலும் காற்று கெடுகிறதல்லவா?

குறியீட்டைப் படிக்கும் முறை

இனி நம் பிக்-அப் வண்டிக்குத் திரும்புவோம். 'பி 0171' என்பதன் பொருள், எஞ்சினின் ஒரு பக்கத்தில் பெட்ரோலின் விகிதம் மிகவும் குறைந்துள்ளது என்பதே. உணர்கருவி கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. புகையில் ஆக்சிஜன் மிகுந்திருப்பதை உணர்கருவி உள்ளபடியே சொல்லியிருக்கலாம். கணிப்பொறியும் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, ஒரு வரம்பைத் தாண்டியதும் விளக்கை ஏற்றியிருக்கும். பரிசோதனைக் கூடத்தில் எதிர்பாராத அளவீடு வந்தால், "மீட்டர் கெட்டுப்போச்சு சார்" என்று மாணவர் உடனே சொல்வது வழக்கம். பெரும்பாலும் இணைப்புக் கம்பிதான் தளர்ந்திருக்கும். மீட்டர்மேல் குற்றம் இராது. உணர்கருவியை மாற்றிய நம் நண்பர் செய்ததும் இதுவே.

சரியான வழி எது? கணிப்பொறி வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதையும் அதே கருவி காட்டும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒருமுறையும், நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஒருமுறையும் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மெதுவாக ஓடும்போது மிகுந்து, வேகத்தில் குறைந்தால், வெடித்த ரப்பர்க் குழாய் ஒன்றின் வழியே கணக்கில் வராத காற்று புகுகிறது என்று ஐயுறலாம். மெதுவாக ஓடும்போது எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்று குறைவு. உள்ளே வெற்றிடம் அதிகம். ஆகவே கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும். மாறாக, பளு ஏற ஏறக் குறை மிகுந்தால், பம்ப்போ பில்ட்டரோ போதிய பெட்ரோலைத் தரவில்லை எனலாம். குறியீடு ஒன்றே, காரணங்கள் வேறு. முதலாவதற்கு ஒரு குழாய்த் துண்டே போதும்.

'பி 0420' என்பது வினையூக்கியின் திறன் குறைந்ததைச் சொல்கிறது. வினையூக்கிப் பெட்டிக்கு முன்னும் பின்னும் ஓர் உணர்கருவி உண்டு. முன்னது ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல வினையூக்கி ஆக்சிஜனைத் தன்னிடம் தேக்கிவைப்பதால் பின்னது அசையாதிருக்கும். பின்னதும் முன்னதைப்போல் ஆடத் தொடங்கினால் வினையூக்கி தளர்ந்துவிட்டது என்று கணிப்பொறி முடிவு செய்கிறது. பெட்டியின் விலை அதிகம். ஆகவே புகைக்குழாயில் ஓட்டை இல்லை என்பதையும், எஞ்சின் எண்ணெயை எரிக்கவில்லை என்பதையும் உறுதி செய்த பின்னரே அதை மாற்ற வேண்டும்.

விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டினால் பொறுத்திருக்கக் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, வினையூக்கியைச் சூடேற்றி அழிக்கும் நிலை அது. இதை அறிய கணிப்பொறி கிராங்க் தண்டின் வேகத்தைக் கவனிக்கிறது. எட்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு உந்தல்கள். ஓர் உந்தல் தவறினால் சுழற்சி இம்மியளவு தளரும். எந்தச் சிலிண்டரின் முறையில் தளர்ந்தது என்பதைக்கொண்டு அதன் எண்ணையும் சொல்லிவிடுகிறது.

அணைக்கப்பட்ட விளக்கு

வாங்கிய அன்று நம் நண்பரின் வண்டியில் விளக்கு ஏன் எரியவில்லை? விற்பவர் கருவியால் குறியீட்டை அழித்திருக்கலாம். அல்லது பாட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். உடனே விளக்கு அணையும். பல குறைகளைப் பொறுத்தவரை, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் மீண்டும் தென்பட்டால்தான் விளக்கு எரியும் என்பது விதி. அதற்குள் விற்பனை முடிந்துவிடும்.

ஆயினும் விதி செய்தவர்கள் இதையும் எண்ணியிருந்தனர். குறியீட்டை அழித்தால், 'சோதனைகள் முடிந்தன' என்னும் பதிவுகளும் சேர்ந்தே அழிந்துவிடும். வண்டியை வாங்கும் முன் கருவியைச் செருகிப் பார்க்க, குறியீடு ஒன்றும் இல்லை, ஆனால் பல சோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்று வந்தால், அண்மையில் நினைவகம் துடைக்கப்பட்டது என்று பொருள். 2010-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து படிப்படியாக 'நிலைக் குறியீடு' என்பதும் வந்தது. இதைக் கருவியால் அழிக்க இயலாது. குறை நீங்கியதைக் கணிப்பொறியே சோதித்து அறிந்தால்தான் அது நீங்கும்.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிக்கு உட்பட்ட கார்களில் இத்தகைய சுயசோதனையின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின. ஆகவே பழைய கார் வாங்கும் நம் ஊர் வாசகருக்கும் இது வேற்று நாட்டுக் கதை அன்று. விளக்கு எரிந்தால் அஞ்ச வேண்டாம். அதை மறைக்கவும் வேண்டாம். முதலில் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மெக்கானிக்கிடம், "எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?" என்று கேட்பதற்கு முன், "இது எந்த அளவீட்டில் வந்த குறை? அதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, தேவையற்ற ஒரு பாகத்தின் விலையை உங்களுக்கு மிச்சமாக்கக்கூடும்.