சாட்சியா, கைதியா? சுங்க விசாரணையில் 24 மணி நேரக் கணக்கு

ஹைதராபாத்தின் ஷம்சாபாத் விமான நிலையத்தில் தங்கப் பசையுடன் பிடிபடும் பயணியின் கோப்பில் மூன்று ஆவணங்கள் முக்கியமானவை: பறிமுதல் மகஜர், 108ஆம் பிரிவு வாக்குமூலம், கைதுக் குறிப்பாணை. நீதிமன்றத்தில் இவற்றின் உள்ளடக்கம் வரிவரியாக அலசப்படும். ஆனால் அவற்றில் எழுதப்பட்ட நேரங்களை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பது அரிது. அதிகாலையில் நிறுத்தப்பட்டவரின் கைது மறுநாள் பதிவானால், இடைப்பட்ட பொழுதில் சட்டத்தின் பார்வையில் அவர் யார்?

1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி அவர் சாட்சி. 108ஆம் பிரிவின்கீழ் கெசட்டட் அதிகாரி எவரும் ஒருவருக்குச் சம்மன் அனுப்பலாம். அழைக்கப்பட்டவர் வந்தாக வேண்டும். உண்மையைச் சொல்லியாக வேண்டும். அது நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படுவதால் பொய் சொன்னால் தண்டனை உண்டு. 104ஆம் பிரிவின்கீழ் கைது செய்வதற்கோ, குற்றம் நடந்ததென நம்பக் காரணம் வேண்டும். கைதானவரைத் தேவையற்ற தாமதமின்றி நடுவர் முன் நிறுத்தவும் வேண்டும். சாட்சி எந்தக் கணத்தில் கைதியாகிறார் என்பதை முடிவு செய்வது விசாரிக்கும் துறையேதான். கோளாறு இங்குதான் தொடங்குகிறது.

1968இல் ரமேஷ் சந்திர மேத்தா வழக்கிலும், சென்னைச் சுங்கத் துறை தொடர்பான இலியாஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு, சுங்க அதிகாரி காவல்துறை அதிகாரி அல்லர் என்றது. ஆகவே அவரிடம் தரும் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். வருவாயைக் காப்பதே அவர் பணி, காவல்துறையைப் போலக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் அதிகாரம் அவருக்கில்லை என்பவை அன்றைய காரணங்கள். 2012, 2013 திருத்தங்கள் சில சுங்கக் குற்றங்களைப் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவையாகவும் பிணையில் விட இயலாதவையாகவும் ஆக்கிய பின், அந்தக் காரணங்களின் வலு பெரிதும் குறைந்துவிட்டது. தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு (2020) தீர்ப்பு போதைப்பொருள் வழக்குகளில் இத்தகைய வாக்குமூலங்களை விலக்கியது. சுங்கத்தில் அவை நிலைத்திருக்கின்றன.

ராதிகா அகர்வால் தீர்ப்பு (27 பிப்ரவரி 2025) நிலைமையைக் கணிசமாக மாற்றியது உண்மை. கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும். எல்லாம் நல்லவையே. ஆனால் இவை அனைத்தும் கைதுக்குப் பிந்திய உரிமைகள். கைது தள்ளிப்போனால் உரிமையும் தள்ளிப்போகும்.

ஹைதராபாத்தில் அமர்ந்திருக்கும் தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் வழி தெரிகிறது. 2019 ஏப்ரல் 18 அன்று நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் தலைமையிலான அமர்வு ஒரு ஜி.எஸ்.டி. வழக்கை முடிவு செய்தது. ஜி.எஸ்.டி. அதிகாரிகள் காவல்துறையினர் அல்லர் என்று கூறிய அது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41, 41-ஏ பிரிவுகளின் பாதுகாப்பை அவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் மனுதாரர்களுக்குக் கைதிலிருந்து பாதுகாப்புத் தர மறுத்தது. 2024இல் வேறொரு அமர்வு, கைதானவரை நடுவர் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கெடு ஒருவர் பிடிக்கப்பட்ட நொடியிலிருந்தே ஓடும், ஏட்டில் கைது என்று எழுதிய நேரத்திலிருந்து அல்ல என்றது. அது காவல்துறை சம்பந்தப்பட்ட வழக்குதான். ஆனால் அரசமைப்பின் 22(2)ஆம் உறுப்பு காக்கிக்கு ஒரு கடிகாரம், சுங்கத்தின் வெள்ளைச் சீருடைக்கு ஒரு கடிகாரம் என்று சொல்லவில்லை.

தங்கத்தை உருக்கி மதிப்பிடவும், பின்னணியில் இருப்பவர்களைப் பிடிக்கவும் நேரம் வேண்டும் என்பது துறைத் தரப்பின் வாதம். நியாயமானதுதான். அந்த நேரத்தைத் தர வேண்டியவர் நடுவர். சுங்க வழக்கிலும் காவலில் வைக்க அவருக்கு அதிகாரம் உண்டென்று 1994இல் தீபக் மகாஜன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. சம்மனைத் தடுப்புக் காவலாகப் பயன்படுத்த இனி எந்தத் தேவையும் இல்லை.

எழுந்து வெளியேற முடியாத நிலையில் ஒருவர் வைக்கப்பட்ட கணமே கைதின் கணம். அதற்குப் பின் பதிவான வாக்குமூலத்தைக் கைதியின் வாக்குமூலமாகவே எடைபோட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. காவலுக்கு அனுப்பும் முன் நடுவர் மகஜரில் உள்ள நேரத்தைப் பார்த்து, 24 மணி நேரத்தை அங்கிருந்து எண்ணினால் போதும்.